விடுபட்ட நலவிசாரிப்பு

உன் மகளின் தகப்பன் உனக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தின் ஆங்கிலம் நேற்று வந்துவிட்டது. பாரசீகத்தில் இரண்டு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம்தான். தொடக்கத்தில் ஒரு அடைப்புக்குறி, அதற்குள் மூன்று சொல். லோயர் அம்மா அதை இத்தாலியனில் எனக்குச் சொன்னார்: வழக்கமான மரியாதை மொழிகள். அவ்வளவுதான். அதற்குக் கீழே 'மகளின் படிப்பு சம்பந்தமாக' என்று காரியம் தொடங்கிவிடுகிறது.

அந்தத் தாளின் பிரதி இப்போது என் குசினி மேசையில் கிடக்கிறது. உன் கோப்பும் பக்கத்தில் இருக்கிறது. நீ அதைத் தேயிலை டப்பாவோடு ஒரே தட்டில் வைத்திருந்தாய் அல்லவா, அதனால் திறந்தவுடன் ஏலக்காய் மணக்கிறது. நீதிமன்றக் காகிதத்தில் ஏலக்காய் மணம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் நீ குசினிக்குள் நிற்பதுபோல இருக்கிறது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். பெரிய சொற்கள் எனக்கு வராது. உனக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் உனக்கு இதைச் சொல்லாமல் வியாழக்கிழமை நீதிமன்றத்துக்குள் போக என்னால் ஏலாது. நாங்கள் இருவரும் கதைத்தது அரைகுறை இத்தாலியனில். எனக்கு அது தமிழாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

பலேர்மோவில், லிபெர்த்தாத் தெருவின் அந்தப் பெரிய வீட்டில்தான் உன்னை முதலில் கண்டேன். நீ இஸ்திரி போட வந்திருந்தாய், நான் தரை துடைக்க. மத்தியானம் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா வந்து, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டா. நீ வேண்டாம் என்றாய். நானும் வேண்டாம் என்றேன். அவ சட்டியை மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டா. மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் படியில் இறங்கும்போது உன் வயிறு சத்தம் போட்டது. எனக்குக் கேட்டுவிட்டது.

"பசியெண்டால் ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"திரும்பக் கேட்பா எண்டு நினைச்சன். முதல் தரமே ஓம் எண்டால் அலைஞ்சு திரியிற ஆள் எண்டு நினைக்க மாட்டினமோ? நீங்கள் ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

"நானும் அதுக்குத்தான்."

படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். அடுத்த நாள் சிஞ்ஞோரா வாயைத் திறக்க முதலே இரண்டு பேரும் "ஓம், ஓம்" என்றோம். அந்த மனுசி பயந்துபோய்ச் சட்டியோடு தந்துவிட்டா.

இரண்டு பேரும் இருப்பது கால்சாப் பகுதியில், அதுவும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நீ மகள் நிலூவோடு அங்கே வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கதவை யாருக்கும் திறக்காமல் இருந்தாய். மகளின் தகப்பன் ஜெர்மனியில் இருக்கிறான் என்றும், அவனுக்கு இந்த முகவரி தெரியக் கூடாது என்று நீதிமன்றமே மறைத்து வைத்திருக்கிறது என்றும், அவன் எழுதும் கடிதம் எல்லாம் லோயரிடம்தான் வரும் என்றும் நீ எனக்குச் சொல்ல இன்னும் ஒரு மாதம் போனது.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் எனக்கு முன்சீட்டில் இருந்தாய். இருந்த கையோடு திரும்பி, "உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாய்.

"ஏன், முதுகிலை என்ன கிடக்கு?" என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உங்கள் ஊரில் யாருக்கும் முதுகு காட்ட நேர்ந்தால் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்களாம். கேட்கப்பட்டவர், பூவுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை என்று பதில் சொல்ல வேண்டுமாம்.

"ஐயோ, என்னை ஒருத்தரும் பூ எண்டு சொன்னதில்லை. என்ரை மனுசன் பூசணிக்காய் எண்டுதான் கூப்பிட்டவர்" என்றேன்.

"நீங்கள் என்னைச் சொல்ல வேணும், ஜெசி ஜான். நான்தானே முதுகு காட்டிறன். பூ நான்."

என் பெயரோடு நீ ஒட்டும் அந்த ஜான் உங்கள் மொழியில் 'உயிர்' என்று பிறகுதான் தெரிந்தது. அன்று தொடங்கி ஒவ்வொரு காலையும் நீ அந்த முதுகு மன்னிப்பைச் சொல்வாய். நான் பதில் சொல்வேன். இத்தாலியனில்தான். எங்களுக்குப் பின்னால் இருக்கும் கிழவர் ஒருவர் கேட்டுக் கேட்டு அவரும் சிரிப்பார். ஒரு வருடத்துக்கு மேல் சொல்லியிருப்போம். காலையில் சிலுவை போடுவதுபோல எனக்கு அது வாயில் ஊறிவிட்டது.

அவனுடைய கடிதங்கள் வரத் தொடங்கியதும் நீயே அவற்றை ஆங்கிலத்தில் எழுதி லோயர் அம்மாவிடம் கொடுத்தாய். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் நீ. கோப்பு ஜெர்மனிக்கும் போக வேண்டும் என்பதால் ஆங்கிலம்தான் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். முதல் கடிதத்தை ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டு போனாய். நானும் துணைக்கு வந்தேன். லோயர் அம்மா வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"இது என்ன, உங்களுக்காக நான் பலியாகிறேன் என்று எழுதியிருக்கிறான்? உங்கள் காலடி என் கண்மேல் என்றால் என்ன? உங்கள் இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்பது? கல்லறையா?" பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லது. இது போதும். இதை வாசித்தால் நீதிபதிக்கு நித்திரை வராது" என்றார்.

நீ இல்லை என்று தலையாட்டினாய். "இது பயப்படுத்திற சொல் இல்லை, சிஞ்ஞோரா. என்ரை அப்பா எனக்கு எழுதிற ஒவ்வொரு கடிதத்திலையும் இது இருக்கும். மரக்கறி விக்கிறவனும் சொல்லுவான். நீங்கள் எங்களோடை இல்லாதது குறை எண்டதைத்தான் இடம் வெறுமை எண்டு சொல்லுறது. ஆங்கிலத்திலை போட்டவுடனை கத்தி மாதிரித் தெரியுது."

"அப்படியென்றால் எதற்குத்தான் பயப்படுகிறீர்கள்? இவன் நல்ல மரியாதை தெரிந்த மனிதன் போலல்லவா இருக்கிறது?"

"ஓம். அதை எப்படி ஆங்கிலத்திலை எழுதிறது எண்டுதான் எனக்கும் தெரியேல்லை."

அந்தச் சொற்களை எல்லாம் வெட்டி, ஆங்கிலக்காரர் எழுதுவதுபோல மாற்றி, மறுபடி கொடுத்தாய். அப்போது கடிதத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. யாரோ வங்கிக்காரன் எழுதியதுபோல இருந்தது. கடைசியில் நீயே சொன்னாய்: "அந்த மரியாதை வரிகளை விட்டிடுங்கோ. அதிலை ஒண்டுமில்லை. நடுவிலை என்ன கேட்கிறான் எண்டு மட்டும் பாருங்கோ." லோயர் அம்மா அதைத் தன் கொப்பியில் எழுதிக் கீழே கோடு போட்டார். அந்தப் பேனை கோடு போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது உன்னைப் பேசினேன். "வெல்லுறதுக்கு வழி தந்தால் வேண்டாம் எண்டுறீர். நீதிபதி பயந்தால் உமக்கென்ன நட்டம்? நீர் பொய் சொல்லேல்லையே, எழுதினதைத்தானே சொன்னனீர்."

"சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் பொய். நாளைக்கு நிலூ தாத்தான்ரை கடிதத்தை எடுத்து வாசிச்சால், இதையும் ஒரு கொலைகாரன்தான் எழுதினவன் எண்டு நினைப்பாள். அவன் எங்களிட்டை இருந்து எல்லாத்தையும் எடுத்திட்டான். இதையும் எடுக்க விடுறதே?"

எனக்கு அப்போது அது பிடிவாதமாகத்தான் பட்டது.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. சந்தையால் வந்து எங்கள் தெருக்கதவு வாசற்கல்லில் கால் சறுக்கி விழுந்தேன். முழங்கால் பிளந்துவிட்டது. பை கவிழ்ந்து தோடம்பழம் எல்லாம் உருண்டது. எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் ஓடிவந்து தூக்கினார். ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, அந்த ஈரத்திலும் பளபளத்த சப்பாத்து. ஒவ்வொரு பழமாகப் பொறுக்கிக் கைலேஞ்சியால் துடைத்துப் பையில் போட்டார். என் கையிலிருந்த திறப்பை வாங்கித் தெருக்கதவைத் திறந்தார். ஒரு கையில் பை, மற்றக் கையில் என் முழங்கை. மூன்று மாடியும் என்னோடு மெல்ல மெல்ல ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இளைப்பாறுங்கள் சிஞ்ஞோரா என்றார். கதவடியில், ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். திரும்பக் கேட்டேன். வேண்டாம், உங்களுக்குக் கரைச்சல் என்றார். என்ன பண்பான மனிதன் என்று நினைத்தேன்.

இறங்கப் போகும்போது பாதி திரும்பி, "முதுகைக் காட்டுகிறேன், மன்னியுங்கள்" என்றார். இத்தாலியனில்தான்.

என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது. "பூவுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை."

அவர் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார். மேலே பார்த்துச் சிரித்தார். "எவ்வளவு அழகான பதில். யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"என்ரை சிநேகிதி" என்று உன் கதவைக் காட்டினேன். "இந்த வீடுதான். அஞ்சு மணிக்குத்தான் வருவா."

அவர் கதவைப் பார்த்தார். புதிதாகப் பூசிய பச்சை நிறத்தையும், வாசலில் நீ வைத்திருந்த பசிலிக்கோச் செடிச் சட்டியையும் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டு இறங்கிப் போனார். சப்பாத்துச் சத்தம் அவசரமில்லாமல் போனது.

நீ சொல்லியிருந்த மனிதனை நான் எப்போதும் கூப்பாடு போடுகிற ஒருவனாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். தடித்தவன், கதவை உதைக்கிறவன். அப்படி ஒருவன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கூட வைத்திருந்தேன். கதவைச் சாத்த வேண்டும், கத்த வேண்டும், பொலிசுக்குத் தொலைபேசி அடிக்க வேண்டும். தோடம்பழம் துடைத்துத் தருகிறவனுக்கு நான் ஒரு ஆயத்தமும் செய்து வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னாரில் என் பெரியண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்கள். "ஒரு சின்ன விசாரணை அம்மா, பத்து நிமிசத்திலை விட்டிடுவம், நீங்கள் சமையுங்கோ" என்று அம்மாவுக்குச் சொன்னார்கள். அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தா. குடித்த கோப்பையை அவர்களில் ஒருவன் கழுவி வைத்துவிட்டுப் போனான். அண்ணன் வரவேயில்லை. அம்மா சாகும்வரைக்கும் அந்தக் கோப்பையைப் பற்றித்தான் கதைத்தா. அதைக் கேட்டு வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு நீ வந்தாய். என் முழங்காலைக் கழுவி, உன் நீலத் துணியால் கட்டினாய். நான் சந்தோசமாக அந்த நல்ல மனிதனின் கதையைச் சொன்னேன். தேத்தண்ணி வேண்டாம் என்றதில் நீ சிரித்தாய். முதுகுக் கதைக்கு வந்ததும் உன் கை நின்றுவிட்டது.

"நீ என்ன சொன்னாய்?"

"வழக்கமாச் சொல்லுறதுதான்."

"சப்பாத்து எப்பிடி?"

"நல்ல மினுக்கம். ஏன், ஆரெண்டு தெரியுமோ?"

"ஒண்டுமில்லை, ஜெசி ஜான்" என்றாய். மிச்சத் துணியைக் கட்டி முடித்தாய். முடிச்சு இறுகிவிட்டது, எனக்கு நொந்தது. பிறகு எழுந்துபோய் உன் கதவைப் பூட்டி, தாழும் போட்டாய். அடுத்த நாள் பசிலிக்கோச் சட்டி வாசலில் இல்லை. நிலூவைப் பள்ளிக்கூடத்துக்கு நீயே கூட்டிப்போய்க் கூட்டிவரத் தொடங்கினாய். பஸ்ஸில் என்னிடம் முதுகு மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டாய். நான் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது.

தை மாதம் உனக்கு உடம்பில் வருத்தம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் மத்தியானம் லோயர் அம்மா அனுப்பிய, அவனுடைய கடைசிக் கடிதத்தின் பிரதியைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்தாய். வந்து சில நாளாகிவிட்டது என்றாய். முதல் பக்கத்தில் விரலை வைத்து, வரி வரியாக எனக்குச் சொன்னாய்.

உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாதிருக்கட்டும். உங்கள் கை நோகாதிருக்கட்டும். உங்கள் எதிர்வீட்டு நல்ல பெண்மணியின் முழங்கால் குணமாகிவிட்டதா? அவரது பை மிகவும் பாரம். அவரைத் தனியே தூக்க விடாதீர்கள். கதவின் பச்சை நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி, பூசிய கை வாழ்க. வாசலில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று என் மனம் வருந்துகிறது.

நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே அது நோகத் தொடங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் மிச்சத்தைச் சொன்னாய். பதினொரு வருடத்தில் அவன் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது உன்னை உள்ளே வைத்து வெளியில் பூட்டுவான். பூட்டத் திரும்பும்போது ஒவ்வொரு நாளும், முதுகைக் காட்டுகிறேன், மன்னியுங்கள் என்பான். நீ பதில் சொல்லும்வரைக்கும் கதவைச் சாத்தாமல் நிற்பான். ஒருநாள் நீ சொல்லவில்லை. அன்று முழுவதும் அவன் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றான்.

"அப்ப ஏன் அதை எனக்கும் பழக்கினனீர்?" என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

"அது அவன்ரை சொல் இல்லை, ஜெசி. என்ரை அப்பா அம்மாவுக்குச் சொல்லுறது. நல்ல மனுசர் வாயிலை திரும்பக் கேட்க வேணும் எண்டு ஆசையாய் இருந்தது."

இப்போதே லோயரிடம் ஓடுகிறேன் என்றேன். நீ கையைப் பிடித்தாய். "நான் சொன்னால் பெண்சாதி சொல்லுறது எண்டுவினம். நீ சொன்னால் சிநேகிதி சொல்லுறது எண்டுவினம். நான் எழுதின ஆங்கிலமும் செல்லாது எண்டு அவன்ரை ஆக்கள் சொல்லிப்போட்டினம். கோர்ட்டு ஆள் மொழிபெயர்க்கட்டும். அவன் தன்ரை கையாலை எழுதி வைச்சிருக்கிறான். அது எங்கை போகப்போகுது?" பிறகு, "அவன் வாசல்வரைக்கும் வந்தது நிலூவுக்குத் தெரியக் கூடாது. அவள் அந்தப் படியாலை ஒவ்வொரு நாளும் ஏறி இறங்க வேணும்" என்றாய். நான் சத்தியம் பண்ணினேன்.

எழும்பும்போது, "என்னாலைதானே?" என்று கேட்டேன்.

"இல்லை ஜெசி ஜான். உன்ரை பிழை இல்லை. உன்ரை முழங்காலைப் பார்."

இருபத்திரண்டு நாளில் போய்விட்டாய்.

நிலூ இப்போது என்னோடு இருக்கிறாள். நீதிபதி தற்காலிகமாக என் பொறுப்பில் விட்டிருக்கிறார். தெருக்கதவுப் பூட்டையும் மாற்றிவிட்டோம். பதினாலு வயது, என்னைவிட உயரம். என்னைச் சியா என்கிறாள், சித்தி என்பதுபோல. தமிழில் "கெதியா வாங்கோ" மட்டும் நன்றாகச் சொல்வாள், மிச்சம் எல்லாம் பலேர்மோப் பிள்ளைகளின் கதைதான். நீ இல்லாதபடியால் பிள்ளை தன்னிடம்தான் வரவேண்டும் என்று அவன் வழக்குப் போட்டிருக்கிறான். தான் ஜெர்மனியை விட்டு அசையவில்லை, பலேர்மோவைக் கண்ணாலும் கண்டதில்லை, விலகியிருக்கச் சொன்ன உத்தரவை மதித்து நடந்தவன் என்று சத்தியக் கடிதமும் கொடுத்திருக்கிறான். அது வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. நேற்று லோயர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். பிள்ளையை வெளியில் கதிரையில் இருக்கவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

அவர் அந்த ஒன்றரைப் பக்கத்தை எனக்கு வாசித்து முடித்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"என்ரை முழங்காலைக் காணேல்லை" என்றேன்.

"என்ன முழங்கால்?"

"என்ரை முழங்கால். பை. பச்சைக் கதவு. எல்லாம் முதல் பக்கத்திலை இருக்க வேணும்."

அவர் தாளைப் புரட்டினார். அடைப்புக்குறியைக் காட்டினார். மரியாதை வரிகளை விட்டுவிடலாம் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தானே எழுதியதாகச் சொன்னார். "அவள்தானே சொன்னாள், அதில் ஒன்றுமில்லை என்று" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு முகம் வெளிறியது. அந்த மனுசியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் நேர்மையைத்தான் அவர் கோடு போட்டு வைத்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். வேறு ஊரில் இருக்கும் ஆள். முழுவதும் செய்து முத்திரை குத்தித் தரப் பத்து நாள் வேண்டுமாம். விசாரணையைத் தள்ளிப்போடக் கேட்கலாம், ஆனால் ஏன் என்று நீதிபதிக்குச் சொல்ல அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தனக்கு இன்றைக்கே தெரிய வேண்டும் என்றார். நான் ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு பேனையை வைத்துவிட்டு, "உங்கள் ஞாபகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாளை நான் காட்ட முடியாது. பாரசீகம் வாசிக்கிற யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

கதவுக்கு வெளியே ஒருத்தி இருந்தாள். நீதான் எழுத்துப் பழக்கியிருந்தாய்.

உனக்குச் செய்த சத்தியத்தை நினைத்தேன். வியாழக்கிழமையை நினைத்தேன். அவன் ஒரு கையில் நிலூவின் பையையும் மற்றக் கையில் அவள் முழங்கையையும் பிடித்துக்கொண்டு விமானத்தில் ஏறுவதை நினைத்தேன். ஒவ்வொரு படியிலும் நின்று, இளைப்பாறுங்கள் என்பான். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

என்னை மன்னித்துக்கொள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நிலூ நின்றபடியே வாசித்தாள். முதல் இரண்டு வரியும் அவளுக்குத் தாத்தாவின் கடிதம்போல இருந்திருக்க வேண்டும், சின்னதாய்ச் சிரித்தாள். பிறகு மெதுவானாள். முழங்கால் என்ற இடத்தில் என் காலைப் பார்த்தாள். பை, கதவு, செடி. ஒவ்வொன்றாக இத்தாலியனில் சொன்னாள், லோயர் அம்மா எழுதினார். அதற்குப் பிறகும் ஒரு வரி இருந்தது. நீ எனக்குச் சொல்லாத வரி.

"என் மகள் படியேறும்போது இரண்டிரண்டு படியாகத் தாவுகிறாள். விழுந்துவிடப் போகிறாள் என்று என் நெஞ்சு துடிக்கிறது."

அவள் தாளை மேசையில் வைத்தாள். அவன் ஒருதரம் மட்டும் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து ஏறும் நேரத்திலும் அந்தப் படிகளில் எங்கோ நின்றிருக்கிறான். கடிதம் வர முதலே உனக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. அதனால்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்வந்தாய்.

லோயர் அம்மாதான் முதலில் எழுந்தார். "இது போதும். இது அவன் எழுத்து. சிஞ்ஞோரா, வியாழக்கிழமை நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். எப்படி வந்தான், என்ன சொன்னான், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எல்லாம். எதையும் விடக் கூடாது" என்றார்.

வெளியே வந்து நடந்தோம். துறைமுகப் பக்கத்தால் காற்று அடித்தது. நேப்பிள்ஸ் கப்பல் வந்திருந்தது, ஆட்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எதிரே வந்தார்கள். கோட்டுப் போட்ட ஒவ்வொருவரின் சப்பாத்தையும் நான் பார்த்தேன். நிலூவும் பார்த்தாள்.

எங்கள் தெருவுக்குத் திரும்பும் மூலையில் அவள் நின்றாள். "சியா, அவரை ஆர் மேலை கூட்டிக்கொண்டு வந்தது?"

"நான்தான்" என்றேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். விழுந்தது, திறப்பைக் கொடுத்தது, பூவென்று பதில் சொன்னது, விரலை நீட்டி உன் கதவைக் காட்டியது, அஞ்சு மணி என்றது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். தெரிஞ்சுதான், உன்ரை பிழை இல்லை எண்டு சொன்னவ."

இதுதான் உன்னிடம் நான் கேட்க வேண்டியது. அன்றைக்கு நீ அதை மனதாரச் சொன்னாயா, அல்லது அதுவும் ஒரு மரியாதையா? படுக்கையில் கிடந்துகொண்டு, அழுகிற ஒருத்திக்குக் கொடுக்கும் தேத்தண்ணியா? உன்னோடு அத்தனை நாள் பழகியும் எனக்கு அதைப் பிரித்தறியத் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

நிலூ என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு உன் கண். ஆனால் வாய் இந்த ஊர் வாய்.

"ஓம் சியா. உங்கடை பிழைதான்" என்றாள்.

சுற்றி வளைக்கவில்லை. அழவும் இல்லை. நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். நீ போனதற்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு மூச்சு முழுதாக உள்ளே போனது.

அவள் தெருக்கதவைத் திறந்து, முதலில் தான் உள்ளே போய் மேலே பார்த்தாள். பிறகு "வாங்கோ" என்றாள். ஒவ்வொரு படியாக ஏறினாள், தாவவில்லை. நான் பின்னால் ஏறினேன். இரண்டாம் மாடியில் யாரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அது அந்த மாடி வீட்டுக்காரன்தான். பூட்டிவிட்டு, எங்களுக்கு வழிவிட்டு, "முதலில் நீங்கள், சிஞ்ஞோரா" என்று ஒதுங்கினான். நல்ல பிள்ளை. ஆனாலும் அவன் இறங்கிப் போய்த் தெருக்கதவு சாத்தும்வரைக்கும் நாங்கள் ஏறவில்லை.

நாளை மறுநாள் நீதிபதி கேட்பார். உன் பெருமையையும் என் அழுகையையும் வீட்டில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை எனக்குத் தந்த நேர்ச் சொல்லை மட்டும் கொண்டு போகிறேன். அவனை மேலே கூட்டிக்கொண்டு வந்தது நான்தான் என்று சொல்வேன். அவன் வந்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.